விண்ணப்பப் படிவத்துக்குள் ஒளிந்திருக்கும் சாதி: முனைவர் பட்டச் சேர்க்கை விதிகளின் நூறாண்டு

ஒவ்வொரு ஆண்டும் முனைவர் பட்டச் சேர்க்கை அறிவிப்பு வரும் மாதங்களில் நமக்குத் தொலைபேசி அழைப்புகள் கூடிவிடும். "அண்ணா, நெறியாளர் சம்மதக் கடிதம் இல்லாமல் விண்ணப்பிக்கலாமா?", "அக்கா, எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண், நேர்காணலில் மட்டும் எப்படி இவ்வளவு குறைந்தது?", "தோழர், பதிவுக் காலம் முடிகிறது, உதவித்தொகை இன்னும் வரவில்லை, என்ன செய்வது?" கேட்பவர்கள் பெரும்பாலும் தங்கள் குடும்பத்தில் மட்டுமல்ல, தங்கள் சேரியிலேயே முதன்முதலாக முதுகலை முடித்தவர்கள். நாம் முடிந்தவரை பதில் சொல்கிறோம். ஆனால் இந்த மூன்று கேள்விகளும் புதியவை அல்ல. சேர்க்கை, பதிவு, பட்டம் முடித்தல் என்ற மூன்று வாசல்களிலும் விதி என்ற பெயரில் என்ன நிற்கிறது என்பதற்கு நூறாண்டு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றை அண்ணலிடமிருந்தே தொடங்கலாம்.

1913-ல் பாபாசாகேப் அம்பேத்கர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் மாதம் பதினொன்றரை பவுண்டு வீதம் மூன்று ஆண்டுகளுக்கு உதவித்தொகை கொடுத்தார். படிப்பு முடிந்து திரும்பியதும் பரோடா அரசில் பத்து ஆண்டுகள் பணியாற்ற வேண்டும் என்ற ஒப்பந்தத்தின் பேரில்தான் அந்தத் தொகை. 1915-ல் முதுகலைப் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே முனைவர் பட்டத்துக்கான ஆய்வேட்டையும் எழுதி முடித்துவிட்டார். ஆனால் கொலம்பியா அவருக்கு முறைப்படி முனைவர் பட்டம் வழங்கியது 1927-ல்.

இந்தப் பத்தாண்டு இடைவெளி எதனால் வந்தது? ஆய்வேட்டின் தரத்தில் யாரும் குறை காணவில்லை. ஆய்வேடு அச்சிடப்பட்டு, அதன் படிகள் பல்கலைக்கழகத்தில் ஒப்படைக்கப்பட்ட பிறகே பட்டம் என்பது அன்றைய கொலம்பியாவின் விதி. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அது ஒரு மாதச் செலவு. மகர் சாதியில் பிறந்து, ஊர் திரும்பி வேலையும் வாடகை வீடும் தேடி அலைந்த ஒருவருக்கு அது பத்தாண்டுச் சுமை. பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாண நிதி பற்றிய அந்த நூல் 1925-ல் லண்டனில் அச்சானது. அதன் பிறகே பட்டம் கைக்கு வந்தது. விதி எல்லோருக்கும் ஒன்றுதான். அதற்குச் செலுத்தும் விலை ஆளுக்கு ஆள் வேறு.

லண்டனில் நடந்தது இன்னும் நேரடியானது. 1916-ல் லண்டன் பொருளாதாரப் பள்ளியிலும் கிரேஸ் இன்னிலும் சேர்ந்தார். 1917-ல் பரோடாவின் உதவித்தொகைக் காலம் முடிந்தது. படிப்பைப் பாதியில் விட்டுக் கப்பல் ஏற வேண்டியதாயிற்று. அப்போது பல்கலைக்கழகம் ஒரு சலுகை தந்தது: நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடரலாம். இன்று நாம் பதிவு நீட்டிப்பு என்று சொல்கிறோமே, அதுதான் இது. அந்த ஒரு அனுமதி இல்லாதிருந்தால் அவரது லண்டன் படிப்பு அத்தோடு முடிந்திருக்கும்.

பரோடாவில் ஒப்பந்தப்படி வேலைக்குப் போன அவர் தங்க இடமின்றி விரட்டப்பட்ட கதை நமக்கெல்லாம் தெரியும். பிறகு பம்பாயின் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்து சம்பளத்தில் மிச்சம் பிடித்தார். கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் உதவினார். நண்பர் நவல் பதேனா கடன் கொடுத்தார். 1920-ல், கெடு முடிவதற்குள், மீண்டும் லண்டன் போய்ச் சேர்ந்தார். 1921-ல் எம்.எஸ்.சி., 1923-ல் டி.எஸ்.சி. ரூபாயின் சிக்கல் பற்றிய ஆய்வேட்டைத் திருத்தித் தரும்படி தேர்வாளர்கள் கேட்டபோது கையில் பணம் தீர்ந்திருந்தது. பம்பாய்க்குத் திரும்பி, அங்கிருந்தே திருத்தி அனுப்பினார்.

இதை நாம் வீரக் கதையாக மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். "அண்ணல் பட்டினி கிடந்து படித்தார், நீயும் படி" என்று தம்பி தங்கைகளிடம் சொல்கிறோம். அண்ணல் தாமே அந்தப் பாடத்தை எடுத்துக்கொள்ளவில்லை. அரசப் பதவிக்கு வந்ததும் அவர் செய்த முதல் வேலைகளில் ஒன்று உதவித்தொகைக்கு வாதாடியது. வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினரானதும், 1942-ல் பட்டியல் சாதியினரின் குறைகளை விரிவான மனுவாக அரசிடம் வைத்தார். உயர்கல்விக்கு, குறிப்பாக அறிவியல் தொழில்நுட்பக் கல்விக்கு, அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்பது அதன் முக்கியக் கோரிக்கை. 1944-ல் பட்டியல் சாதி மாணவர்களுக்கான மெட்ரிக் பிந்தைய உதவித்தொகைத் திட்டம் வந்தது. ஒரு மன்னரின் மனசையும் ஒரு நண்பரின் கடனையும் நம்பி இன்னொரு பிள்ளை படிக்கக் கூடாது என்பதே அதன் பொருள்.

சுதந்திரத்துக்குப் பிறகு கதை மாறியதா? இளங்கலை, முதுகலை வரை ஓரளவு மாறியது. இட ஒதுக்கீடு வந்தது, உதவித்தொகை வந்தது, விடுதிகள் வந்தன. ஆய்வுப் படிப்பு மட்டும் நீண்ட காலம் நெறியாளரின் அறைக்குள் முடிவாகும் விஷயமாகவே இருந்தது. நெறியாளர் ஒப்புக்கொண்டால் இடம், ஒப்புக்கொள்ளாவிட்டால் இல்லை. குருகுல வாசனை அடிக்கும் இந்த முறையில் ஏகலைவன்கள் வாசலிலேயே நிறுத்தப்பட்டார்கள். கட்டை விரலைக் கேட்கும் வரைகூடப் போக வேண்டியிருக்கவில்லை.

மத்தியக் கல்வி நிறுவனங்களின் சேர்க்கையில் பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடு, பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடு, பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 2005-06-ல் ராஜீவ் காந்தி தேசிய ஆய்வு உதவித்தொகை தொடங்கியது. பட்டியல் சாதி, பழங்குடி ஆய்வாளர்களுக்கு நெட் தேர்வு என்ற நிபந்தனை இல்லாமல் ஐந்தாண்டுப் பணம் கிடைக்க வழி பிறந்தது. நம் பிள்ளைகள் கூட்டமாக ஆய்வுப் படிப்புக்குள் நுழைந்தது இந்தக் காலத்தில்தான். கூலி வேலைக்குப் போகாமல் நூலகத்தில் உட்கார முடிந்த முதல் தலைமுறை அது.

வாசல் திறந்ததும் உள்ளே என்ன நடந்தது என்பதற்கு ஒரு சேலத்துப் பிள்ளையின் வாழ்க்கை சாட்சி. செந்தில்குமார், பன்றி வளர்க்கும் பன்னியாண்டி சமூகத்திலிருந்து ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்கு ஆய்வாளராகப் போனவர். சேர்க்கை கிடைத்தது. நெறியாளர் ஒதுக்கப்படவில்லை. 2008 பிப்ரவரியில் உயிரிழந்தார். அதன் பிறகு பல்கலைக்கழகமே அமைத்த வினோத் பவராலா குழு, துறையில் பாடத் தேர்வுக்கும் நெறியாளர் ஒதுக்கீட்டுக்கும் தெளிவான நடைமுறை இல்லாததையும், அதன் சுமை பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் மேல் விழுந்ததையும் சுட்டிக்காட்டியது. விதியைக் கடுமையாக்கி மட்டுமல்ல, விதியை எழுதாமல் விட்டும் கொல்ல முடியும். எழுதாத இடத்தை நிரப்புவது சாதிதான்.

அதே பல்கலைக்கழகத்தில் 2016 ஜனவரி 17 அன்று ரோகித் வெமுலாவை இழந்தோம். பல மாதங்களாக அவரது உதவித்தொகை நின்று போயிருந்தது. நாடு கொதித்தது. அதே ஆண்டு மே மாதம் பல்கலைக்கழக மானியக் குழு எம்.ஃபில்., பிஎச்.டி. விதிமுறைகளைப் புதிதாக வெளியிட்டது. நாம் கவனித்துப் படிக்க வேண்டிய ஆவணம் அது.

அதில் இரண்டு விஷயங்கள் முக்கியம். முதலாவது, நுழைவுத் தேர்வு வெறும் தகுதித் தேர்வு. அதில் 50 விழுக்காடு எடுத்தால் நேர்காணலுக்கு அழைப்பு. இறுதித் தேர்வு நேர்காணலை வைத்தே. இரண்டாவது, ஒரு பேராசிரியர் ஒரே சமயத்தில் 8 பிஎச்.டி., 3 எம்.ஃபில். மாணவர்களுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. இணைப் பேராசிரியருக்கு 6, 2. உதவிப் பேராசிரியருக்கு 4, 1.

முதல் விதியின் பொருளை ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் சொந்த ஆவணங்களே காட்டின. அங்கே அப்போது எழுத்துத் தேர்வுக்கு 70, நேர்காணலுக்கு 30 மதிப்பெண். எழுத்துத் தேர்வுக்கும் நேர்காணலுக்கும் இடையிலான மதிப்பெண் வேறுபாட்டில் சமூகப் பிரிவு வாரியாக ஒரே மாதிரியான போக்கு ஆண்டுதோறும் தெரிகிறது என்று அங்கு அமைக்கப்பட்ட அப்துல் நஃபே குழு கண்டது. நேர்காணல் மதிப்பெண்ணை 30-லிருந்து 15 ஆகக் குறைக்கப் பரிந்துரைத்தது. விடைத்தாளில் முகம் தெரியாது. நேர்காணல் அறையில் முகம் தெரியும், பேச்சு தெரியும், ஆங்கிலத்தின் தடுமாற்றம் தெரியும், அப்பாவின் தொழில் தெரியும். 15 ஆக்கச் சொன்ன இடத்தில் நேர்காணலே எல்லாம் என்றானது. பின்தங்கிய மாவட்டங்களிலிருந்து வருவோருக்கு அந்தப் பல்கலைக்கழகம் கொடுத்துவந்த கூடுதல் மதிப்பெண்களும் ஆய்வுப் படிப்புகளுக்கு நிறுத்தப்பட்டன.

இரண்டாவது விதி பார்க்க நல்ல விதி. ஒரு நெறியாளர் முப்பது பேரை வைத்துக்கொண்டு யாரையும் கவனிக்காமல் விடுவதைத் தடுக்கிறது. ஆனால் புதிய பணியிடங்களை நிரப்பாமல் இந்த வரம்பை மட்டும் அமல்படுத்தினால் என்ன ஆகும்? 2017-ல் ஜே.என்.யூ.வின் ஆய்வு இடங்கள் ஆயிரத்துக்கு மேலிருந்து இருநூறுக்கும் கீழே இறங்கின. பல மையங்களில் ஒரு இடமும் இல்லை. இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு துறையில் 20 இடம் இருந்தால் 15 விழுக்காடு என்பது 3 இடம். 5 இடம் இருந்தால் 0.75. 2 இடம் இருந்தால் 0.3. சட்டத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் இட ஒதுக்கீட்டைப் பின்னமாக்கி மறையச் செய்யலாம். பல துறைகளின் இடங்களைச் சேர்த்துச் சுழற்சிப் பட்டியல் போட்டால்தான் அந்தப் பின்னம் மீண்டும் ஒரு ஆளாக மாறும்.

அந்த மார்ச் மாதத்தில் இன்னொரு சேலத்துப் பிள்ளை, ஜே.என்.யூ. ஆய்வாளர் முத்துகிருஷ்ணன் உயிரிழந்தார். எம்.ஃபில்., பிஎச்.டி. சேர்க்கையில் சமத்துவம் இல்லை, நேர்காணலில் சமத்துவம் இல்லை என்று இறப்பதற்குச் சில நாள் முன்பு முகநூலில் எழுதியிருந்தார். செந்தில்குமாரும் அவரும் ஒரே மாவட்டத்துப் பிள்ளைகள். இருவருக்கும் இடையே ஒன்பது ஆண்டுகள்.

மாணவர்கள் தெருவிலும் நீதிமன்றத்திலும் விடாமல் போராடினார்கள். 2018-ல் தில்லி உயர் நீதிமன்றம் நேர்காணலுக்கே முழு எடை என்ற விதியை ஏற்க மறுத்தது. அதே ஆண்டு யு.ஜி.சி.யும் திருத்தியது: நுழைவுத் தேர்வுக்கு 70, நேர்காணலுக்கு 30. பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குத் தகுதி மதிப்பெண்ணில் 5 விழுக்காடு தளர்வு. இது யாரும் போட்ட பிச்சை அல்ல. இரண்டு ஆண்டுகள் இடம் இழந்தவர்களின் விலையில் கிடைத்தது.

2022 நவம்பரில் மீண்டும் புதிய விதிமுறைகள் வந்தன. எம்.ஃபில். நிறுத்தப்பட்டது. நம்மில் பலருக்கு அது ஆய்வு என்றால் என்ன என்று பழகிக்கொள்ளும் படிக்கட்டாக இருந்தது. நான்காண்டு இளங்கலையில் 75 விழுக்காடு எடுத்தால் நேராகப் பிஎச்.டி.க்குப் போகலாம் என்று ஆனது. பிஎச்.டி.யின் அதிகபட்சக் காலம் ஆறு ஆண்டு, மறுபதிவு மூலம் மேலும் இரண்டு, பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இன்னும் இரண்டு. 2024-லிருந்து நெட் மதிப்பெண்ணைக் கொண்டே சேர்க்கை நடத்தலாம் என்ற அறிவிப்பும் வந்தது. நெட்டுக்கு 70, நேர்காணலுக்கு 30. பல ஊர்களுக்கு ரயில் ஏறிப் பல தேர்வு எழுதும் செலவு இதனால் குறையும் என்பது உண்மை. பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட முடிந்தவர் முந்துவார் என்பதும் உண்மை.

இத்தனையையும் பார்த்த பிறகு நமக்குத் தெளிவாவது ஒன்று. விதி நமக்குப் பகையல்ல. 1917-ல் அண்ணலைக் காப்பாற்றியது நான்காண்டு அவகாசம் என்ற அனுமதி. 2008-ல் செந்தில்குமாரைக் கைவிட்டது எழுதப்படாத நடைமுறை. ஆகவே நாம் கேட்க வேண்டியது இதுதான்: எல்லாவற்றையும் எழுதி வையுங்கள், எழுதியதை வெளியே ஒட்டுங்கள்.

எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணையும் நேர்காணல் மதிப்பெண்ணையும் தனித்தனியே, பிரிவு வாரியாக வெளியிட வேண்டும். சேர்ந்த பிறகு எத்தனை நாளுக்குள் நெறியாளர் ஒதுக்கப்படுவார், ஒதுக்காவிட்டால் யார் பொறுப்பு என்று விதியில் இருக்க வேண்டும். இட ஒதுக்கீட்டுச் சுழற்சிப் பட்டியல் சேர்க்கைக்கு முன்பே மாணவர் கையில் இருக்க வேண்டும். உதவித்தொகை தாமதமான மாதங்களைப் பதிவுக் காலத்தில் கழிக்கக் கூடாது. அரசு பணம் அனுப்பாமல் இழுத்ததற்கு மாணவரின் கடிகாரம் ஏன் ஓட வேண்டும்?

தம்பிகளே, தங்கைகளே, இந்த ஆண்டு விண்ணப்பிக்கும்போது அந்தப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கை விதிமுறை முழுவதையும் இறக்கிப் படியுங்கள். விண்ணப்ப எண், அழைப்புக் கடிதம், பணம் கட்டிய ரசீது எல்லாவற்றையும் படி எடுத்து வையுங்கள். நேர்காணல் மதிப்பெண் சந்தேகமாக இருந்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மனு எழுதத் தெரியாவிட்டால் நம்மிடம் வாருங்கள், உட்கார்ந்து எழுதுவோம். பல்கலைக்கழகத்தில் உங்களுக்கு முன்னால் போனவர்களைத் தேடிப் பேசுங்கள். உள்ளே தனியாக இருக்காதீர்கள். துவண்டு போகும் இரவில் யாரையாவது கூப்பிடுங்கள், எந்த நேரமானாலும்.

அண்ணலின் பட்டம் பத்தாண்டு அச்சகத்துக்குக் காத்திருந்தது. நம் பிள்ளைகளின் பட்டம் இனி எந்த அறையின் முன்னாலும் காத்து நிற்கக் கூடாது.

ஜெய்பீம்.