நாடி பிடிக்காத வைத்தியம்

போன கார்த்திகை தீபத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி, அம்மாவின் உள்ளங்காலில் ஒரு புண். அவங்களுக்கு இருபது வருஷமா சர்க்கரை. திருவண்ணாமலையில் அந்த வாரம் பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியேதான் நிற்கும். கூட்டத்துக்கு பயந்து, புண்ணைப் படம் எடுத்து சென்னையில் தெரிந்த டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கூடவே "வலி சுத்தமா இல்லையாம்" என்று நிம்மதியாக எழுதினேன். உடனே போன் வந்தது. "வலி இல்லைங்கிறதுதாங்க எனக்கு பயம். தீபம் முடியட்டும்னு உக்காந்துடாதீங்க."

அந்த ராத்திரிக்குப் பிறகு, கடிதம் வழியே வைத்தியம் என்ற பழைய விஷயத்தை வேறு கண்ணோடு படிக்க ஆரம்பித்தேன்.

18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் அது சாதாரண நடைமுறை. எடின்பரோ பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் கல்லன் (1710–1790) தான் பார்த்தே இராத நோயாளிகளுக்குக் கடிதத்திலேயே மருந்து சொன்னார். போகும் பதில்களுக்கெல்லாம் நகல் வைத்துக்கொண்டார். முதலில் கையால் எழுத வைத்தார், 1781 முதல் ஜேம்ஸ் வாட்டின் நகலெடுக்கும் இயந்திரத்தில். அதனால்தான் ஆயிரக்கணக்கான கடிதங்கள் இன்றும் இருக்கின்றன.

தொடாமல் எப்படி? அன்றைய ஐரோப்பிய மருத்துவர் நேரில் வந்தாலும் உடம்பைத் தொட்டுப் பார்ப்பது குறைவு. ஸ்டெதஸ்கோப்பே 1816இல்தான் வந்தது. நோயாளி சொல்லும் கதைதான் முக்கியச் சாட்சி. கதையைத் தபாலில் அனுப்பலாமே!

நம் சித்த மருத்துவம் இதற்கு நேரெதிர். நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்று எட்டு வகைத் தேர்வு. மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், கபம் பார்க்கணும். இதில் எதை ஓலையில் அனுப்புவது? மொழி என்றாலும் அது குரலின் தன்மை. எழுத்தில் அதுவும் போய்விடும்.

ஆனாலும் மருத்துவ அறிவு கடிதத்தில் பயணம் செய்தது. அதற்கு நல்ல உதாரணம் தரங்கம்பாடி. சீகன்பால்குவுக்குத் துணையாக வந்த க்ரூண்ட்லர், தமிழ் வைத்தியச் சுவடிகளை வைத்து 1711இல் பொறையாறில் 'மலபார் மருத்துவன்' என்ற ஜெர்மன் நூலை எழுதி ஹாலேவுக்கு அனுப்பினார். அப்போது அவர்கள் தமிழரை 'மலபாரிகள்' என்றுதான் சொன்னார்கள். 1712–1714இல் இருவரும் தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதியனுப்பி பதில் வாங்கினார்கள். சமயம், குடும்பம், வைத்தியம் எல்லாம் அதில் உண்டு. ஜெர்மனில் அச்சானவை 99 கடிதங்கள். பதில் எழுதியவர்களின் பெயர் அச்சில் இல்லை.

இவை நோயாளியின் கடிதங்கள் இல்லை என்பதையும் சொல்லிவிடணும். இந்தக் கடிதங்களில் போனது அறிவுதான், சிகிச்சை இல்லை. ஹாலேவிலிருந்து மருந்துப் பெட்டிகள் கப்பலில் வந்தன, உண்மைதான். ஆனால் ஒரு கடிதம் போய் பதில் வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். அதற்குள் காய்ச்சல் காத்திருக்குமா? சீகன்பால்கு 1719இல், 36 வயதில் இறந்தார். க்ரூண்ட்லர் அடுத்த வருஷமே போனார்.

இன்று அந்த ஒரு வருஷம் ஒரு நிமிஷமாகிவிட்டது. 2020 மார்ச்சில் இந்திய அரசு தொலைமருத்துவத்துக்கு விதிமுறையும் கொண்டுவந்தது. போதுமா, நேரில் பார்க்கணுமா என்பதை முடிவு செய்வது மருத்துவர் பொறுப்பு என்கிறது அது. என் விஷயத்தில் டாக்டர் செய்தது அதைத்தான். நான் நல்ல செய்தி என்று எழுதியதை அவர் ஆபத்து என்று படித்தார். சர்க்கரையில் நரம்பு மரத்துப்போனால் புண் வலிக்காது, உள்ளே ஆழமாகப் போய்க்கொண்டே இருக்கும்.

அன்றைக்கே சந்து சந்தாக ஆட்டோவில் போய் ஆஸ்பத்திரியில் காட்டினோம். கால் தப்பியது. "வலிக்கலன்னு சொன்னது தப்பாடா?" என்று அம்மா இன்னும் கேட்கிறாள். தப்பில்லம்மா. நீ சொன்னதை அப்படியே எழுதினதாலதான் அவருக்குப் புரிந்தது.

1768இல் தரங்கம்பாடிக்கு வந்த மிஷன் மருத்துவர் கோனிக் பற்றித் தனியாக எழுதணும். கறிவேப்பிலையின் தாவரவியல் பெயரில் இருப்பது அவர் பெயர்தான்.