இரண்டாம் அச்சின் விலை



பழைய நூல்களைப் பற்றிப் பேசும்போது முதற் பதிப்பு என்ற சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு. ஆயினும் தமிழ் கற்பிக்கும் எங்களுக்கு அந்த மதிப்பு எப்போதும் பொருந்துவதில்லை. உ. வே. சாமிநாதையர் 1887 ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். இருபது ஆண்டுகள் கழித்து, 1907 இல், திருத்தங்களுடன் அதன் இரண்டாம் பதிப்பு வெளிவந்தது. பாடத்தைத் தேடுபவன் திருந்திய பதிப்பையே நாடுவான். முதற் பதிப்பை நாடுபவன் நூலைச் சேர்ப்பவன். இவ்விருவரும் வேறு வேறு ஆட்கள் என்றே நான் இதுகாறும் எண்ணியிருந்தேன்.

அண்மையில் ரொறன்ரோவிலிருந்து என் பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். “சேர், இஞ்ச கொமிக்ஸ் புத்தகங்களை முதலீடா வாங்கி வைக்கினம். முதல் அச்சு எங்களால வாங்கேலாது. இரண்டாம், மூன்றாம் அச்சு எண்டால் மலிவு. பத்து வருசத்தில விலை ஏறும் எண்டு சொல்லுகினம். சீட்டுக் காசு கையில இருக்கு. தங்கச்சியின்ர படிப்புக்கு எண்டு வைச்சது. போடலாமோ?” என்று கேட்டார்.

இலக்கணம் கேட்டிருந்தால் உடனே விடை சொல்லியிருப்பேன். இதற்குச் சில நாள் தவணை கேட்டேன். அந்நாட்களில் நான் தேடிப் படித்த வரலாற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

அமெரிக்காவில் 1938 ஜூன் மாதத் திகதியிட்டு வெளிவந்த ‘அக்சன் கொமிக்ஸ்’ முதலாம் இதழில்தான் சுப்பர்மான் பிறந்தான். விலை 10 சதம். அதே இதழின் ஒரு பிரதி 2024 ஆம் ஆண்டில் ஏலத்தில் 60 இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று. 1939 இல் வெளிவந்த ‘சுப்பர்மான்’ முதலாம் இதழோ மும்முறை அச்சிடப்பட்டது. அன்று அதை வாங்கிய எந்தச் சிறுவனும் இது எத்தனையாவது அச்சு என்று பார்த்து வாங்கியிருக்க மாட்டான். வாசித்தான், நண்பனுக்குக் கொடுத்தான், கிழித்தான். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பழைய கடதாசி சேகரிக்கும் இயக்கம் நடந்தபோது கட்டுக்கட்டாகக் கொண்டுபோய்க் கொட்டினான். போர் முடிந்த பின்னர், 1940களின் இறுதியில், இப்புத்தகங்கள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்று சில ஊர்களில் தீயிட்டும் கொளுத்தினார்கள். எஞ்சியவை மிகச் சில. அவற்றின் இன்றைய விலை, அழிந்தவை கொடுத்த விலை எனலாம்.

1970 இல் ரொபர்ட் ஓவர்ஸ்ட்ரீட் என்பவர் பழைய சித்திரக்கதைகளுக்கு ஒரு விலைக் கையேடு வெளியிட்டார். பொழுதுபோக்கு மெல்ல மெல்ல வாணிபமாயிற்று. வாணிபம் வந்தால் வஞ்சகமும் வரும் அல்லவா? 1974 இல் டீசீ நிறுவனம் ‘அக்சன் கொமிக்ஸ்’ முதலாம் இதழைப் பெரிய அளவில் மறுஅச்சிட்டது. அதன் வெளியட்டையை நீக்கிவிட்டால் உள்ளே இருப்பது மூல இதழைப் போலவே தோன்றும். வெளியட்டையைக் கழற்றிவிட்டு அதனை மூலம் என்று விற்றவர்களும் இருந்தார்கள். அளவு தெரிந்தவன் தப்பினான். தெரியாதவன் ஏமாந்தான்.

இனி, மாணவர் கேட்ட பிற்கால அச்சுகளுக்கு வருவோம். 1970களில் அமெரிக்காவில் சித்திரக்கதைகளுக்கென்றே தனிக்கடைகள் பெருகின. இக்கடைகள் முன்கூட்டியே கட்டளையிட்டு வாங்கும். விற்காதவற்றைத் திருப்பிக் கொடுக்க முடியாது. அதனால் அச்சகம் ஏறத்தாழக் கட்டளைக்கு அளவாகவே அச்சிட்டது. எதிர்பாராமல் ஓர் இதழ் தீர்ந்துபோனால் இரண்டாம் அச்சு வரும். எமது பழந்தமிழ்ப் பதிப்புகளைப் போல அதில் திருத்தம் எதுவும் இராது. அதே கதை, அதே படம். அட்டையில் நிறம் மாறும், அல்லது ஓர் எண் சேரும். 1992 இல் ‘அமேசிங் ஸ்பைடர்மான்’ 361 ஆம் இதழின் இரண்டாம் அச்சு வெள்ளி நிற அட்டையோடு வந்தது. எனவே பிற்கால அச்சு ஒன்றுக்கு உயர்ந்த விலை கிடைக்குமாயின், அது உள்ளடக்கத்தால் வந்த விலை அன்று. பெரும்பாலும் அருமையால் வந்த விலை.

முதல் அச்சைச் சேர்ப்பவர்கள் இரண்டாம் அச்சைத் தீண்டத் தகாததாகவே நெடுங்காலம் கருதினார்கள். யாரும் பேணவில்லை. பேணாததால் சில அருகிப்போயின. 2011 இல் வெளிவந்த ‘அல்ரிமேற் ஃபோல்அவுட்’ நான்காம் இதழில்தான் மைல்ஸ் மொராலஸ் என்ற புதிய ஸ்பைடர்மான் முதன்முதலில் தோன்றினான். அதன் இரண்டாம் அச்சின் அட்டையில் அவனுடைய முகமே இருந்தது. அவன் புகழ் வளர வளர, அந்த இரண்டாம் அச்சைத் தேடி அலைந்தார்கள். ஆனால் எல்லாப் பிற்கால அச்சும் இப்படியல்ல. 1984 இல் இரு இளைஞர்கள் கடன் வாங்கி வெளியிட்ட ‘நிஞ்சா ஆமைகள்’ முதலாம் இதழின் முதல் அச்சு ஏறத்தாழ 3,000 பிரதிகளே. அடுத்த அச்சுகள் அதனினும் கூடிய தொகையில் வந்தன. அங்கே முதல் அச்சே அரியது.

பேணுவதற்கென்றே வாங்கியவர்களின் கதையையும் சொல்ல வேண்டும். 1991 இல் வெளிவந்த ‘எக்ஸ்-மென்’ முதலாம் இதழ் 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றது. பிள்ளைகளின் கல்லூரிச் செலவுக்கு உதவும் என்று பெட்டி பெட்டியாக வாங்கி வைத்தவர்கள் பலர். எல்லோரும் பேணியதால் எதுவும் அருகவில்லை. விலை வீழ்ந்தது, பெருந்தொகையான கடைகள் மூடப்பட்டன. 1996 டிசம்பரில் மார்வெல் நிறுவனமே வங்குரோத்துக்கு விண்ணப்பித்தது. 2000 ஆம் ஆண்டிலிருந்து புத்தகத்தின் நிலைக்குப் புள்ளியிட்டு, பிளாஸ்ரிக் உறைக்குள் முத்திரையிட்டுக் கொடுக்கும் வழக்கமும் வந்துவிட்டது. அதைத் திறந்தால் முத்திரை போய்விடும். வாசிக்க முடியாத புத்தகத்துக்கே இப்போது உயர்ந்த விலை.

நேயர்களே, எனக்கும் ஒரு பெட்டி இருந்தது. சிவகாசியிலிருந்து 1972 முதல் வெளிவந்த முத்து கொமிக்ஸ் இதழ்கள், என் ஒன்றுவிட்ட அண்ணர் தந்தவை. இரும்புக்கை மாயாவியை எத்தனை தரம் வாசித்தேன் என்று கணக்கில்லை. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது அம்மா அரிசியையும் பாயையும் தூக்கினார். நான் பெட்டியைப் பார்த்தேன். ஐயா, “விடு தம்பி, வந்து எடுக்கலாம்” என்றார். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது கூரையும் இல்லை, பெட்டியும் இல்லை. அவை முதல் அச்சா, மறுஅச்சா என்று நான் ஒருபோதும் பார்த்ததில்லை. இன்று அவற்றைத் தேடி வாங்குவோர் இருக்கிறார்கள். எங்கள் வீடுகளைப் போன்ற எத்தனையோ வீடுகளில் அவை அழிந்ததும் அதற்கொரு காரணமே.

மாணவரிடம் இதைத்தான் சொன்னேன். “தம்பி, இரண்டாம் அச்சுக்கு விலை வந்தது அதை ஒருவரும் மதிக்காததால். இப்ப நீர் முதலீடு எண்டு மதிச்சு வாங்கிறீர். உம்மைப்போல ஆயிரம் பேர் வாங்குவினம். பிறகு அது எப்படி அரிதாகும்? எந்தப் புத்தகம் அழியும், எந்தக் கதை படமாக வரும் எண்டு முன்கூட்டித் தெரிஞ்சவன் இல்லை. தங்கச்சியின்ர காசைத் தொடாதையும். உமக்கு விருப்பமான கதையெண்டால் உம்மட உழைப்பில ஒண்டு வாங்கும். மலிவான அச்சையே வாங்கும். உறையைத் திறந்து வாசியும்.”

சற்று நேரம் மறுமுனையில் சத்தமில்லை. பிறகு, “சரி சேர், தங்கச்சியின்ர கட்டணம் ஓகஸ்டில கட்டவேணும்” என்றார்.