தானியத்தில் உறையும் நஞ்சும் அதனை அறிந்த வரலாறும்

உணவுப் பொருளின் நன்று தீதினைக் கண்ணாற் கண்டும், மூக்கால் முகர்ந்தும், நாவாற் சுவைத்தும் தெரிதல் மனிதனின் தொன்றுதொட்ட வழக்கமாகும். இப்புலன்களுக்கு எட்டாததொரு நஞ்சு உலர்ந்த தானியத்திலும் கடலையிலும் உறைதல் கூடும் என்பதை உலகம் தெளிந்தது, பறவைகள் பல மடிந்த பின்னரேயாகும்.

1960ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் சில மாதங்களுள் இறந்தன. காரணம் புலப்படாமையால் அதனை 'வான்கோழி எக்ஸ் நோய்' என்றனர். பின்னர், பிரேசில் நாட்டிலிருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கை அவை தின்றமை வெளிப்பட்டது. அப்பிண்ணாக்கிற் படர்ந்த அசுப்பெர்கிலசு பிளேவசு என்னும் பூஞ்சணமே நஞ்சினைப் பிறப்பித்தது என்பது 1961இல் நிறுவப்பட்டது. அபிளாரொக்சின் என்னும் பெயரும் அப்பூஞ்சணத்தின் பெயரிலிருந்தே அமைந்தது.

நஞ்சை அறியும் முறையும் விரைவிற் கைவந்தது. அரைத்த தானியத்திலிருந்து எடுத்த சாற்றை மெல்லிய படலம் பூசிய தட்டிலே பிரித்துக் கழியூதாக் கதிரின்கீழ் வைப்பின் நஞ்சு ஒளிரும். நீலமாய் ஒளிர்வன 'பி' எனவும், பச்சையாய் ஒளிர்வன 'ஜி' எனவும், அந்நிறங்களின் ஆங்கிலப் பெயர்களுடைய முதலெழுத்துகளாற் குறிக்கப்பட்டன.

ஆயினும் கருவி எத்துணை நுண்ணியதாயினும், மாதிரி பிழைப்பின் முடிவும் பிழைக்கும். மூட்டையொன்றில் மிகப் பல மணிகள் தூயனவாயிருக்க, ஒரு சிலவற்றில் மாத்திரம் நஞ்சு செறிந்திருத்தல் கூடும். ஆகவே, பல இடங்களிலிருந்தும் எடுத்து, ஒன்றாக அரைத்துக் கலந்த பின்னரே சோதித்தல் வேண்டும்.

இதனினும் பெரிய குறை வேறொன்றுண்டு. செல்வ நாடுகள் எல்லை வகுத்து, இறக்குமதிச் சரக்கைச் சோதித்தன. வறிய உழவன் தன் குடிலிற் சேமித்த சோளத்தைச் சோதிப்பார் இலர். 1974இல் மேற்கு இந்தியாவிலே பூஞ்சணம் பற்றிய சோளத்தை உண்ட 397 பேர் ஈரல் நோயுற்றனர். அவருள் 106 பேர் இறந்தனர். 2004இல் கென்யாவின் கிழக்குப் பகுதியிலே 317 பேர் நோயுற, 125 பேர் மாண்டனர். அங்குச் சந்தைகளிற் பெற்ற 350 மாதிரிகளுள் நூற்றுக்கு 55, கிலோகிராமுக்கு 20 மைக்கிரோகிராம் என்னும் எல்லையைக் கடந்திருந்தன. சோதனை முறை தோன்றி நாற்பது ஆண்டு கழிந்த பின்னரும் நேர்ந்த இழப்பு இது.

சமைத்தலால் இந்நஞ்சு முற்றும் அழியாது. நன்கு உலர்த்தி, ஈரம் படாது காத்த தானியத்திலோ பூஞ்சணம் வளராது. எனவே, அறுவடைக் களத்தில் உலர்த்துதலே முதற்காவல். சோதனை அதற்குத் துணைக்காவல். வாணிகனின் சரக்கைக் காத்த அறிவு வறியவனின் குதிரையும் காக்குமாயின், அன்றே அது நிறைவுறும்.