மருந்துக்கடையிலிருந்து துறைமுகக் கூண்டுவரை

கீற்று மேகம், திரள் மேகம், படை மேகம் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த எல்லோருமே லண்டனைச் சேர்ந்த ஒரு மருந்து வியாபாரிக்குக் கடன்பட்டவர்கள். அவர் பெயர் லூக் ஹவார்ட். 1783-ல் ஐஸ்லாந்தின் லாக்கி எரிமலை கக்கிய புகை ஐரோப்பாவின் மேல் கவிந்து கிடந்தபோது அவருக்குப் பத்து வயது. அந்தக் கோடையில் அண்ணாந்து பார்த்த பையன் பிறகு தலையைக் குனியவே இல்லை. வயிற்றுப்பாட்டுக்கு ரசாயனம் தயாரித்தார். மிச்ச நேரமெல்லாம் வானம்தான்.

லம்பார்ட் தெருவை ஒட்டிய பிளவ் கோர்ட் என்ற சந்தில் ஒரு மருந்துக்கடை இருந்தது. அங்கே கூடிய அறிவியல் ஆர்வலர்களின் சங்கத்தில் ஒரு கறாரான விதி: முறை வரும்போது கட்டுரை வாசிக்க வேண்டும், இல்லையேல் அபராதம். 1802 டிசம்பரில் ஹவார்டின் முறை வந்தது. வானம் ஆயிரம் கோலம் காட்டினாலும் மேகத்தின் அடிப்படை வடிவம் மூன்றுதான் என்றார்: சிர்ரஸ் (கீற்று), குமுலஸ் (திரள்), ஸ்ட்ராட்டஸ் (படை). மழை கொட்டுவது நிம்பஸ். ஒன்று மற்றொன்றாக மாறும்போது இரண்டு பெயரையும் ஒட்டிக்கொள்ளலாம். இந்த ஒட்டுவேலையில்தான் அவருடைய சாமர்த்தியம் இருக்கிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே உருமாறிவிடும் ஒன்றை எப்படி வகைப்படுத்துவது என்ற சிக்கல் அதோடு தீர்ந்தது.

அதே ஆண்டு பாரிஸில் லமார்க்கும் மேகங்களை வகை பிரித்திருந்தார். உயிரியலில் பெரும்புள்ளி, ஆனால் மேகப் பட்டியலைத் தாமே வெளியிட்ட வானிலைப் பஞ்சாங்கத்தில் போட்டுவைத்தார். நிலவை வைத்து வானிலை சொன்ன அந்தப் பஞ்சாங்கத்தை நெப்போலியனே ஏளனம் செய்தார். லமார்க்கின் பெயர்கள் பிரெஞ்சில் இருந்தன, ஹவார்டின் பெயர்களோ ஐரோப்பிய அறிஞர் எல்லோருக்கும் பொதுவான லத்தீனில். போட்டி அங்கேயே முடிந்துவிட்டது.

ஜெர்மானியக் கவிஞர் கதே அந்தப் பெயர்களில் சொக்கிப்போய், மேகங்களைப் பாடி ஹவார்டுக்குக் காணிக்கையாக்கினார். உங்கள் வாழ்க்கை வரலாற்றை எழுதி அனுப்புங்கள் என்று கதேயிடமிருந்து வேண்டுகோள் வந்தபோது, யாரோ கேலி செய்கிறார்கள் என்றே ஹவார்ட் முதலில் நினைத்தாராம்.

மேகத்துக்குப் பெயர் கிடைத்துவிட்டது. நாளை மழை வருமா என்ற கேள்விக்குத்தான் விடையில்லை. அந்த விடைக்குக் கப்பல்கள் மூழ்க வேண்டியிருந்தது.

1854 நவம்பர் 14 அன்று கிரிமியப் போரின் நடுவே கருங்கடலில் வீசிய புயல், பிரிட்டிஷ், பிரெஞ்சுக் கப்பல்களை நொறுக்கியது. நெப்டியூன் கோள் எங்கே இருக்கும் என்று கணக்குப் போட்டுச் சொன்ன லெவெரியேவிடம் விசாரணை ஒப்படைக்கப்பட்டது. புயல் முதல் நாளே ஐரோப்பாவைக் கடந்து வந்துகொண்டிருந்தது என்று அவர் கண்டார். தந்தி அடித்திருந்தால் கப்பல்கள் தப்பியிருக்கும்.

1859-ல் வேல்ஸ் கரையோரம் 'ராயல் சார்ட்டர்' கப்பல் உடைந்து சுமார் 450 பேர் மாண்டார்கள். அப்போது பிரிட்டனின் வானிலைத் துறைக்குத் தலைவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய். டார்வினை ஏற்றிக்கொண்டு உலகைச் சுற்றிய 'பீகிள்' கப்பலின் தலைவர் இவரேதான். கரையோர ஊர்களிலிருந்து காற்று, அழுத்தம், வெப்பம் எல்லாம் தினமும் தந்தியில் அவருக்கு வந்து சேர்ந்தன. 1861-ல் துறைமுகக் கம்பங்களில் கூம்பும் உருளையும் ஏற்றிப் புயல் எச்சரிக்கை கொடுத்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 1 அன்று 'தி டைம்ஸ்' நாளிதழில் அவருடைய வானிலை முன்னறிவிப்பு வெளிவந்தது. பலித்த நாளில் பாராட்டினார்களோ இல்லையோ, தவறிய நாளில் ஊரே சிரித்தது. கடனும் மனச்சோர்வும் சேர்ந்துகொள்ள, 1865-ல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அறிவியல் கனவான்கள் அவருடைய முறைக்கு ஆதாரம் போதாது என்று முன்னறிவிப்பையும் கூம்பையும் நிறுத்தினார்கள். கூம்பு வேண்டும் என்று கடலோடிகள் போட்ட சத்தத்தில் அது மட்டும் சீக்கிரமே திரும்பி வந்தது. எனக்கென்னவோ அந்தக் கனவான்களைவிட கடலோடிகளுக்கே விஷயம் புரிந்திருந்தது என்று தோன்றுகிறது.

இந்தியாவுக்கும் புயல் எச்சரிக்கையைக் கொண்டுவந்தது ஒரு புயலே. 1864 அக்டோபரில் கல்கத்தாவைச் சூறையாடிய புயலில் பல்லாயிரம் பேர் இறந்தார்கள். மறு ஆண்டே அத்துறைமுகத்துக்கு எச்சரிக்கை முறை வந்தது. 1866-லும் 1871-லும் பருவமழை பொய்த்தது. இவற்றுக்குப் பிறகே 1875-ல் இந்திய வானிலைத் துறை பிறந்தது. அதன் முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்டு ஒரு பாறையியல்காரர். மேகத்தைப் பார்க்கத் தொடங்குமுன் திருச்சி, தென்னார்க்காடு வட்டாரத்தின் பாறைகளை ஆராய்ந்து, அங்கே கல்லாகிக் கிடந்த கடல் உயிரிகளைப் பற்றி நூல் எழுதியவர்.

சென்னையின் கதை வேறு மாதிரி. நுங்கம்பாக்கத்தில் 1792-ல் கட்டிய வானாய்வகம் நட்சத்திரம் பார்க்க வந்தது. தெளிந்த வானம் கேட்ட அந்த வானியலாளர்களே மழையையும் அளந்து எழுதிவைத்தார்கள். அவர்கள் நிறுத்திய கருங்கல் தூண் இன்றைய வானிலை ஆய்வு மைய வளாகத்தில்தான் நிற்கிறது.

ஹவார்டின் பெயர்கள் எல்லா நாட்டு வானத்துக்கும் பொருந்துமா என்ற சந்தேகம் மட்டும் மிச்சமிருந்தது. ரால்ஃப் அபர்குரோம்பி என்ற முன்னாள் படைவீரர் உடல்நலம் கெட்டுப் பணியை விட்டவர். 1880-களில் உலகைச் சுற்றி வந்து, எங்கும் அதே மேகங்கள்தான் என்றார். 1896-ல் சர்வதேச மேக அட்லஸ் அச்சானது.

ஃபிட்ஸ்ராயின் கூம்பும் உருளையும்தான் ஐப்பசி, கார்த்திகையில் நாம் செய்தியில் கேட்கும் புயல் எச்சரிக்கைக் கூண்டு. பகலில் இவை ஏறும், இரவில் விளக்குகள். கூண்டின் எண் 1 என்றால் தொலைகடலில் புயல் உருவாகக்கூடும், 2 என்றால் அங்கே உருவாகிவிட்டது. 3, 4 என்றால் துறைமுகத்தையே மோசமான வானிலை மிரட்டுகிறது. 5 முதல் 7 வரை அபாயம், 8 முதல் 10 வரை பெரும் அபாயம். 11-ஐ எல்லாவற்றையும்விடக் கொடிய புயல் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது புயலின் அளவே அல்ல: வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, மோசமான வானிலை வரும் என்று உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்பதே அதற்குப் பொருள்.