பிண்டி நிழல்: நாம் தீட்டும் மரம் எது?

அருகப் பெருமானுக்குரிய எண்வகைப் பிராதிகாரியங்களுள் முதலில் வைத்து எண்ணப்படுவது அசோகமரம். பூமழை, திவ்யத்தொனி, சாமரை, அரியணை, ஒளிவட்டம், துந்துபி, முக்குடை ஆகியன ஏனைய ஏழும் ஆம். அசோகம் என்னும் வடசொல்லுக்குத் துயரின்மை என்பது பொருள். தமிழ்ச் சான்றோர் இம்மரத்தைப் பிண்டி என வழங்கினர். கோவலனும் கண்ணகியும் புகாரை நீங்குங்கால், பூத்த பிண்டியின் நிழலில் சாவக நோன்பியர் அமைத்த சிலாதலத்தை வலங்கொண்டு சென்றதாகச் சிலப்பதிகாரத்து நாடுகாண் காதை கூறுகின்றது.

சொல்லில் நின்ற இம்மரம் கல்லிலும் நின்றது. கழுகுமலைப் பாறையில் ஏறத்தாழ 8, 9ஆம் நூற்றாண்டுகளில் செதுக்கப்பெற்ற தீர்த்தங்கரர் திருவுருவங்களின் மேல் முக்குடையும், அதனைச் சூழ்ந்து வளையும் தழைக்கொத்தும் காணப்படுகின்றன. அமர்ந்த தியானக் கோலம் பிற சமயத்தார்க்கும் உண்டு. முக்குடையும் பிண்டித் தழையுமே இது அருகன் திருவுரு என அறிவிக்கின்றன. அங்கு வழிபட்டோர் மறைந்து பன்னூறாண்டுகள் கழிந்தும், அப்பாறை நம் முன்னோரின் வழிபாட்டிடம் என்பதை அந்தத் தழை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கின்றது.

வண்ணத்திலும் நம்மவர் இயற்கையைத் தீட்டினர். சித்தன்னவாசல் குடைவரையின் அர்த்தமண்டபத்தை, சீவல்லப பாண்டியன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் புதுப்பித்ததாக அங்குள்ள கல்வெட்டு கூறும். அதன் விதானத்திலுள்ள தாமரைப் பொய்கையை, சமவசரணத்தில் பவ்வியர் மலர் கொய்யும் நீர்நிலை எனக் கலையறிஞர் விளக்குவர். அங்கே இயற்கைக்காட்சி வெறும் அலங்காரம் அன்று. அறவுரை கேட்கச் செல்லும் வழியே அது.

இன்று நம் விழாப் பந்தல்களிலும் சிறார் ஓவியங்களிலும் அசோகமரம் என்று தீட்டப்படுவது பெரும்பாலும் நெட்டிலிங்கம். ஊசிபோல் உயர்ந்து நிற்கும் அம்மரத்தின் பூ வெளிறிய பச்சை நிறத்தது. நிழலும் சிறிது. உண்மைப் பிண்டியோ படர்ந்த கிளைகளும், செம்பு நிறத்துத் தொங்கும் தளிர்களும், பொன்னிறத்திலிருந்து செந்நிறமாக மாறும் பூங்கொத்துகளும் உடையது. பலரும் கூடியமரத்தக்க நிழல் தருவது.

பெயர் ஒன்றாக வழங்குவதால் மரம் மாறிவிட்டது. இவ்வாறே விட்டுவிட்டால், கழுகுமலைத் தழையைக் கண்டு நம் பிள்ளைகள் அதனைத் தம் மரம் என்று அறியமாட்டார். ஆகவே, அடுத்த மகாவீரர் ஜயந்திக்குச் சமவசரணம் வரையும் சிறார்க்குப் பெற்றோர் உண்மைப் பிண்டியைக் காட்டுவாராக. இயலுமிடத்து ஜினாலயத் திருச்சுற்றில் ஒரு கன்று நடுவாராக. கல்லில் முன்னோர் வளர்த்த மரம் மண்ணிலும் தழைக்கட்டும்.