மூளை அழற்சியும் தைராய்டும்: பரிசோதனை முடிவு சொல்வது என்ன?

உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் மூளையையே பகையாகக் கருதித் தாக்கும் நிலை தன்னெதிர்ப்பு மூளை அழற்சி எனப்படுகிறது. இந்நோயாளிகள் பலரின் தைராய்டு பரிசோதனையிலும் மாறுபாடு தென்படுவதுண்டு. அது நோய்க்குக் காரணமா, நோயின் விளைவா, தற்செயலாக உடனிருப்பதா என்பதைப் பிரித்தறிவது சிகிச்சைக்கு மிக முக்கியமானது.

தாமதமாகும் நோயறிதல்

சில நாட்களிலோ வாரங்களிலோ தோன்றும் குழப்பம், மறதி, தூக்கமின்மை, இல்லாததைக் காண்பதும் கேட்பதும், வலிப்பு, பேச்சுக் குறைதல் ஆகியவை இந்நோயின் அறிகுறிகள். இளம் வயதினரிடம் இவை தோன்றும்போது, மனநோய் என்றோ காத்துக் கருப்பு பட்டுவிட்டது என்றோ கருதப்பட்டு நாட்கள் வீணாவதுண்டு.

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், கோட்டயம் - குமுளி நெடுஞ்சாலையில் அமைந்துள்ள வண்டிப்பெரியார், தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் தேயிலைத் தோட்டப் பகுதியாகும். இதுபோன்ற மலையூர்களில் தைராய்டு பரிசோதனை எளிதில் செய்யக்கூடியது. மூளை அழற்சியை உறுதிசெய்யும் தண்டுவட நீர்ப் பரிசோதனை, எம்ஆர்ஐ, மூளை மின்னலைப் பதிவு ஆகியவற்றுக்கோ நரம்பியல் வசதியுள்ள மருத்துவமனை தேவை. அதற்காகக் கோட்டயம் அல்லது தேனி அரசு மருத்துவக் கல்லூரியை நாடுவோர் மலையிறங்கியாக வேண்டும். எனவே, முதலில் கையில் கிடைக்கும் தைராய்டு முடிவைத் தவறாகப் பொருள்கொண்டால் பயணமும் சிகிச்சையும் தள்ளிப்போகும்.

டி3 ஏன் குறைகிறது?

தைராய்டு சுரப்பி பெரும்பாலும் டி4 ஹார்மோனையே சுரக்கிறது. உடல் திசுக்கள் அதனைச் செயல்திறன் மிக்க டி3 ஆக மாற்றிக்கொள்கின்றன. கடும் நோயின்போது இந்த மாற்றம் குறைந்து, டி3 அளவு இறங்குகிறது. சுரப்பி நலமாக உள்ளவர்களுக்கும் இவ்வாறு நேரும். அழற்சியைத் தணிக்க அதிக அளவில் தரப்படும் ஸ்டீராய்டு மருந்தும் டிஎஸ்எச், டி3 அளவுகளைக் குறைக்கக்கூடும்.

என்எம்டிஏ ஏற்பிக்கு எதிரான மூளை அழற்சி குறித்துச் சீனாவில் நடந்த ஆய்வுகளில், டி3 குறைந்தவர்களிடம் நோய் கடுமையாக இருந்தது கண்டறியப்பட்டது. ஆயினும் டி3 குறைவு நோயின் தீவிரத்தைக் காட்டும் அடையாளமே. ஹார்மோன் மாத்திரை கொடுத்து அந்த எண்ணை உயர்த்தினால் மூளை விரைவில் குணமாகும் என்பது நிறுவப்படவில்லை.

எதிரணு இருந்தாலே நோயா?

தைராய்டு எதிரணுக்களுடன் கூடிய மூளைப் பாதிப்பை 1966ஆம் ஆண்டு பிரிட்டன் நரம்பியல் மருத்துவர் லார்ட் பிரெயினும் அவரது குழுவினரும் முதன்முதலில் பதிவு செய்தனர். இது ஹாஷிமோட்டோ மூளைப் பாதிப்பு எனப் பெயர் பெற்றது. பிற காரணங்கள் அனைத்தையும் விலக்கிய பின்னரே இம்முடிவுக்கு வர வேண்டும் என 2016ஆம் ஆண்டின் பன்னாட்டு வரையறை கூறுகிறது.

அந்த எச்சரிக்கைக்குக் காரணம் உண்டு. சென்னை உள்ளிட்ட 8 இந்திய நகரங்களில் 5,000க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 22 சதவீதம் பேரிடம் தைராய்டு எதிரணு காணப்பட்டது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கிற்கு இந்நோய் ஐயத்துடன் அனுப்பப்பட்ட 144 பேரை ஆராய்ந்ததில், 73 சதவீதம் பேருக்குத் தன்னெதிர்ப்பு மூளை நோயே இல்லை என 2021இல் தெரியவந்தது.

மீட்சிக்கு உதவுவது எது?

என்எம்டிஏ வகை நோயாளிகள் 577 பேரைப் பற்றி 2013இல் வெளியான ஆய்வில், 24 மாதங்கள் கண்காணிக்கப்பட்டவர்களில் 81 சதவீதம் பேர் நல்ல நிலைக்குத் திரும்பியிருந்தனர். சிகிச்சையை விரைவில் தொடங்கியது நல்ல மீட்சியுடன் தொடர்புடையதாக இருந்தது. ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின், பிளாஸ்மா மாற்றம் ஆகியவை முதல்நிலைச் சிகிச்சைகள். சினைப்பைக் கட்டி இருப்பின் அதனை அகற்றுவதும் அவசியம். முன்னேற்றம் 18 மாதங்கள் வரை தொடரலாம் என்பதால், தொடக்கத்தில் மாற்றம் மெதுவாக இருந்தாலும் குடும்பத்தினர் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை.

உண்மையான தைராய்டு குறைபாடு உள்ளவர்களுக்கு அதற்கான சிகிச்சையும் உடன் தேவை. ஏற்கெனவே லெவோதைராக்சின் உட்கொள்பவர்கள் அதனைத் தாமாக நிறுத்தக் கூடாது; மருத்துவமனையில் சேரும்போதே அதனைத் தெரிவிக்க வேண்டும். குழாய் வழியே உணவு பெறுவோருக்கு மருந்து உடலில் சேர்வது குறையலாம் என்பதால் அளவைக் கண்காணிக்க வேண்டியிருக்கும். நோயின் உச்சத்தில் மட்டும் மாறுபட்டிருந்த ஹார்மோன் அளவுகளை, உடல் தேறி ஆறு வாரங்களுக்குப் பின் மீண்டும் பரிசோதிப்பது தெளிவு தரும்.

திடீர் நடத்தை மாற்றத்துடன் வலிப்போ நினைவுத் தடுமாற்றமோ சேர்ந்தால், தைராய்டு முடிவு எப்படி இருந்தாலும், காலம் தாழ்த்தாமல் நரம்பியல் மருத்துவரை அணுக வேண்டும்.