சொற்களை இழந்து மீண்ட பாடகன்

2005ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் ஒரு நாள், பிபிசியின் ஆறாவது இசை வானொலிக்குப் பேட்டியளிக்க வந்திருந்த ஸ்கொட்லாந்துப் பாடகர் ஒருவர், தமக்கு உடல்நலம் சரியில்லை என்றும் தலை சுற்றுகிறது என்றும் கூறினார். உண்ட உணவில் ஏதோ பழுது என்றே அவர் எண்ணினார். இரண்டு நாட்களின் பின்னர், மூளையில் ஏற்பட்ட இரத்தப்பெருக்குடன் லண்டன் ரோயல் ஃப்ரீ வைத்தியசாலையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் அவர் அனுமதிக்கப்பட்டார். சில நாட்களில் இரண்டாவது தடவையும் இரத்தப்பெருக்கு ஏற்பட்டது. சத்திரசிகிச்சை நடந்தது. அதைத் தொடர்ந்து கிருமித் தொற்று. ஏறக்குறைய ஆறு மாதங்கள் வைத்தியசாலை வாசம்.

அந்தப் பாடகரின் பெயர் எட்வின் கொலின்ஸ். அப்போது அவருக்கு வயது 45.

உயிர் தப்பியது. ஆனால் சொற்கள் போய்விட்டன. அவரிடம் எஞ்சியிருந்தவை நான்கே நான்கு. 'ஆம்' என்பது ஒன்று. 'இல்லை' என்பது இரண்டு. அவருடைய மனைவி கிரேஸ் மெக்ஸ்வெல்லின் பெயர் மூன்று. நான்காவது ஒரு முழு வாக்கியம்: 'சாத்தியங்கள் முடிவற்றவை.' இந்த வாக்கியம் எங்கிருந்து வந்து அவருடைய நாவில் ஒட்டிக்கொண்டது என்று யாருக்கும் தெரியவில்லை. எதைக் கேட்டாலும் இந்த நான்கில் ஒன்றே விடையாக வந்தது.

சொற்களை வைத்தே பிழைப்பு நடத்திய என் போன்ற பத்திரிகைக்காரனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை வேறொன்று இருப்பதாகத் தோன்றவில்லை. கொலின்ஸும் சொற்களால் வாழ்ந்தவரே. பாடுவது மட்டுமன்றி, தாம் பாடும் பாடல்களைத் தாமே எழுதி, தாமே இசையமைத்து வந்தவர். அவர் இழந்தது எத்தகையது என்பதை உணர்ந்துகொள்ள அவருடைய முன்கதையை அறிந்திருத்தல் வேண்டும்.

1959 ஆகஸ்டில் எடின்பரோவில் பிறந்த கொலின்ஸ், டண்டீ நகரில் சிறுவயதைக் கழித்துவிட்டு, பதின்மப் பருவத்தில் கிளாஸ்கோவை அண்டிய பெயர்ஸ்டனுக்கு வந்து சேர்ந்தார். 1976இல் பாடசாலை நண்பர்களுடன் சேர்ந்து ஓர் இசைக்குழுவை ஆரம்பித்தார். 1979இல் அக்குழு 'ஒரேஞ் ஜூஸ்' என்று பெயர் மாற்றிக்கொண்டது. அது பங்க் இசையின் காலம். மேடையில் ஆவேசமும் வசைமொழியும் முரட்டுத் தோற்றமும் கோலோச்சிய வேளையில், தோடம்பழச் சாற்றின் பெயரைச் சூட்டிக்கொண்டு, நாணமும் காதல் தோல்வியும் தன்னையே கேலி செய்யும் நகைச்சுவையும் கலந்து பாடுவதற்குத் துணிவு தேவைப்பட்டது. நியூயோர்க்கின் 'வெல்வெட் அண்டர்கிரவுண்ட்' குழுவின் கரடுமுரடான கிட்டாரையும் 'ஷீக்' குழுவின் டிஸ்கோத் தாளத்தையும் ஒரே பாடலில் இணைக்க முடியும் என்று இந்த இளைஞர்கள் நம்பினார்கள்.

அவர்களின் பாடல்களை வெளியிடப் பெரிய நிறுவனம் எதுவும் வரிசையில் நிற்கவில்லை. ஆனால் ஒரு முன்னுதாரணம் இருந்தது. 1977 ஜனவரியில் மன்செஸ்டரின் 'பஸ்கொக்ஸ்' குழுவினர் எவரையும் எதிர்பாராமல் தமது முதல் இசைத்தட்டைத் தாமே அச்சிட்டு வெளியிட்டிருந்தார்கள். அதே வழியில் கிளாஸ்கோவில் அலன் ஹோர்ன் என்ற இளைஞர், கொலின்ஸுடன் சேர்ந்து 'போஸ்ட்கார்ட் ரெக்கோர்ட்ஸ்' என்ற வெளியீட்டகத்தைத் தொடங்கினார். வெஸ்ட் பிரின்சஸ் வீதி 185ஆம் இலக்கத்தில் ஹோர்ன் குடியிருந்த வீடே தலைமையகம். அவருடைய உடுப்பு அலுமாரியே அலுவலகம். 1980இன் தொடக்கத்தில் ஒரேஞ் ஜூஸின் முதல் தட்டு அங்கிருந்து வெளிவந்தது. அமெரிக்காவின் மோட்டவுன் நிறுவனம் தன்னை 'இளைய அமெரிக்காவின் ஒலி' என்று அழைத்துக்கொண்டதைக் குறும்பாக எடுத்து, போஸ்ட்கார்ட் தன்னை 'இளைய ஸ்கொட்லாந்தின் ஒலி' என்று அறிவித்தது. ஓர் அலுமாரிக்கு அது சற்று அதிகப்படியான விருதுதான்! ஆனால் 'ஜோசப் கே', 'அஸ்டெக் கமெரா', அவுஸ்திரேலியாவின் 'கோ-பிட்வீன்ஸ்' ஆகிய குழுக்களும் அந்த அலுமாரியின் வழியாகவே பிரித்தானிய ரசிகர்களைச் சென்றடைந்தன.

'இண்டி' என்ற சொல்லை இன்று நாம் சர்வசாதாரணமாகப் பயன்படுத்துகிறோம். சுயாதீனம் என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம் அது. முதலில் அது ஓர் இசைவகையின் பெயராக இருக்கவில்லை. தட்டு யாருடைய பணத்தில் அச்சானது, பாடல் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கான விடையாகவே இருந்தது. பின்னரே அது 'இண்டி பொப்' என்ற ஒரு பாணியின் பெயராயிற்று. அந்தப் பாணியின் மூலவர்களைப் பட்டியலிடும் எவரும் ஒரேஞ் ஜூஸைத் தவிர்த்துவிட்டு எழுத முடியாது.

ஆயினும் அலுமாரி நெடுநாள் தாக்குப்பிடிக்கவில்லை. 1981இல் ஒரேஞ் ஜூஸ் பொலிடோர் என்ற பெரிய நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. 1982இல் முதல் இசைத்தொகுப்பு வந்தது. குழுவின் ஆரம்பகால உறுப்பினர்களான ஜேம்ஸ் கேர்க்கும் ஸ்டீவன் டேலியும் விலகினார்கள். டேலி பிற்காலத்தில் எமது தொழிலுக்கே வந்து சேர்ந்து, அமெரிக்கச் சஞ்சிகைகளில் எழுதிப் பெயர் பெற்றார் என்பது ஒரு சுவையான செய்தி. சிம்பாப்வேயைப் பிறப்பிடமாகக் கொண்ட சீக் மன்யிகா தாளவாத்தியத்துக்கு வந்தார். 1983இல் 'ரிப் இட் அப்' பிரித்தானியத் தரவரிசையில் 8ஆம் இடத்தை எட்டியது. தமக்கு வழிகாட்டிய பஸ்கொக்ஸ் குழுவின் பாடலொன்றைப் பெயர் சொல்லி நினைவுகூர்ந்து, அதன் கிட்டார் இசையையும் கொலின்ஸ் அதில் சேர்த்திருந்தார். நன்றி மறவாத செயல் அது. ஆனால் அதற்கு நிகரான வெற்றி குழுவுக்கு மீண்டும் கிட்டவில்லை. 1985இல் ஒரேஞ் ஜூஸின் கதை முடிந்தது.

அதன் பின்னரான ஆண்டுகள் வரட்சியானவை. தனிப்பாடகராக 1989இலும் 1990இலும் அவர் வெளியிட்ட தொகுப்புகளை விமர்சகர்கள் பாராட்டினார்கள், வாங்கியோர் சிலர். பிற குழுக்களின் ஒலிப்பதிவுகளை நெறிப்படுத்தியும், மற்றவர்கள் கழித்துவிட்ட பழைய ஒலிப்பதிவுக் கருவிகளைத் தேடிச் சேர்த்தும் வந்தார். அவருடைய முகாமையாளராகவும் வாழ்க்கைத் துணையாகவும் விளங்கிய கிரேஸ் மெக்ஸ்வெல் கணக்கு வழக்குகளைக் கவனித்துக்கொண்டார்.

1994இல் 'செட்டாண்டா' என்ற சிறிய சுயாதீன நிறுவனம் அவருடைய 'கோர்ஜஸ் ஜோர்ஜ்' தொகுப்பை வெளியிட்டது. அதிலிருந்த 'எ கேர்ள் லைக் யூ' என்ற பாடல் உலகமெங்கும் ஒலித்தது. 1995இல் பிரித்தானியாவில் 4ஆம் இடம். அமெரிக்கத் தரவரிசையில் 32ஆம் இடம். அந்தத் தொகுப்பில் தாளம் வாசித்தவர்களில் 'செக்ஸ் பிஸ்டல்ஸ்' குழுவின் போல் குக்கும் ஒருவர். பெரிய நிறுவனத்தில் இருந்த காலத்தில் கிடைக்காத வெற்றி, அதை விட்டு வந்த பின்னர் கிடைத்தது. அந்த வருவாய் வடமேற்கு லண்டனில் சொந்த ஒலிப்பதிவுக்கூடம் நடத்த அவருக்குக் கைகொடுத்தது. அதைவிட முக்கியமானது, அப்பாடலின் உரிமை அவரிடமே இருந்தது. சுயாதீனம் என்ற சொல்லுக்கு அவர் கண்ட பொருள் அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

பத்து ஆண்டுகள் கழிந்து வந்தது அந்தப் பெப்ரவரி.

மூளையின் இடப்பக்கம் சேதமடையும்போது பலருக்கு ஏற்படும் இந்நிலையை வைத்தியர்கள் 'அஃபேசியா' என்கிறார்கள். பேச்சிழப்பு என்று தமிழில் கூறலாம். இதில் குரல் போவதில்லை, அறிவும் மங்குவதில்லை. எண்ணம் உள்ளே இருக்கிறது. அதற்குரிய சொல்லைத் தேடிச் செல்லும் பாதைதான் அறுந்துபோகிறது. கொலின்ஸின் வலது பக்கமும் செயலிழந்தது. வலக்கைப் பழக்கமுடைய அவரால் எழுதவோ கிட்டாரின் தந்திகளை மீட்டவோ முடியவில்லை.

பேச்சுப் பயிற்சி ஒரு குழந்தைக்குக் கற்பிப்பதுபோல் ஆரம்பமானது. இளமையில் கிளாஸ்கோ மாநகரப் பூங்காத் திணைக்களத்தில் சித்திரக்காரராகப் பணியாற்றிய அவருக்குப் பறவைகள் மீது தீராத பிரியம் இருந்தது. இப்போது இடக்கையால் பறவைகளை வரையத் தொடங்கினார். முதலில் கோடுகள் தள்ளாடின. விடாமல் வரைந்தார். மாதங்கள் செல்லச் செல்ல இறகுகள் ஒழுங்குபட்டன. 2008இல் அந்தச் சித்திரங்கள் லண்டனில் கண்காட்சியாக வைக்கப்பட்டன. பேச்சு எவ்வளவு தூரம் மீண்டுள்ளது என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் அந்தச் சித்திரங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிப் பார்த்தால் ஒரு மனிதன் எழுந்து நிற்பதைக் கண்ணால் காணலாம்.

நோய்வாய்ப்படுவதற்கு முன் பதிவுசெய்து வைத்திருந்த பாடல்கள் 2007இல் 'ஹோம் அகெய்ன்' என்ற தொகுப்பாக வெளிவந்தன. அந்த ஆண்டிலேயே அவர் மீண்டும் மேடையேறினார். பேசும்போது இடறிய சொற்கள் பாடும்போது வழிவிட்டன. பேச்சிழந்தோரில் பலர் பேச இயலாத சொற்களைப் பாட வல்லவராயிருப்பதை மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறியும். ஆனால் பழைய பாடலைப் பாடுவது வேறு, புதிய பாடலை எழுதுவது வேறு. 2010இல் வெளிவந்த 'லூசிங் ஸ்லீப்' தொகுப்பு அந்த இரண்டாவது மலையையும் அவர் ஏறிவிட்டார் என்பதை உணர்த்தியது. ஜோனி மார், ரொடி ஃப்ரேம், 'ஃப்ரான்ஸ் ஃபெர்டினாண்ட்' குழுவின் அலெக்ஸ் கப்ரானோஸ் போன்றோர் அதில் பங்கேற்றார்கள். பழைய பாடல்களில் இருந்த சொல் விளையாட்டும் சிலேடையும் இவற்றில் இல்லை. வாக்கியங்கள் குறுகியவை; கருத்து நேரடியானது. கிடைத்த சொற்களைச் சிக்கனமாகச் செலவிடும் ஒருவரின் பாடல்கள் அவை.

இடக்கையால் அவர் கிட்டாரின் சுரங்களை அழுத்திப் பிடிக்க, பக்கத்தில் இருக்கும் கிரேஸ் தந்திகளை மீட்டுவார். ஒரு வாத்தியம், இருவர் கை.

2009இல் இடம்பெற்ற ஒரு சம்பவத்தையும் இங்கு குறிப்பிடுவது அவசியம். மைஸ்பேஸ் தளத்தில் 'எ கேர்ள் லைக் யூ' பாடலை இலவசமாகக் கேட்க வைப்பதற்கு கிரேஸ் முயன்றபோது, அது பதிப்புரிமை மீறல் என்று தடுக்கப்பட்டது. பெரிய இசை நிறுவனமொன்று அப்பாடலுக்கு உரிமை கோரியிருந்ததே காரணம். எழுதியவரும் பாடியவரும் உரிமையாளருமான கொலின்ஸ், அந்தப் பாடல் தம்முடையது என்று நிரூபிக்க வேண்டியவரானார்! பேச இயலாதிருந்தவர் பேசப் பழகி வந்த வேளையில், அவருடைய குரலுக்கு வேறொருவர் உரிமை கோரினார் என்பதை எண்ணிப் பாருங்கள். கிரேஸ் விடவில்லை. அதைப் பகிரங்கமாக எழுதி உலகறியச் செய்தார். கணவரின் மீட்சி பற்றி அவர் எழுதிய நூலும் அதே ஆண்டில்தான் வெளிவந்தது.

பின்னர் இத்தம்பதியர் ஸ்கொட்லாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள ஹெல்ம்ஸ்டேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். கொலின்ஸின் பாட்டனாரின் ஊர் அது. அங்கே புதிய ஒலிப்பதிவுக்கூடம் எழுந்தது. 2019இல் வந்த தொகுப்புக்கு 'பட்பே' என்று பெயரிட்டார். அது அயலிலுள்ள ஒரு பாழடைந்த கிராமத்தின் பெயர். செம்மறி ஆடுகளுக்கு நிலம் வேண்டும் என்பதற்காக விரட்டப்பட்ட குடியானவர்கள் கடலோரப் பாறை விளிம்பில் அமைத்துக்கொண்ட ஊர் அது. கடைசிக் குடியிருப்பாளர் 1911இல் வெளியேறினார். இடிந்த சுவர்கள் மட்டுமே இன்று அங்கு எஞ்சியுள்ளன. ஆளற்றுப்போன ஊர்களை அறிந்த எமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2025இல் மேலும் ஒரு புதிய தொகுப்பை வெளியிட்ட கொலின்ஸ், அதே ஆண்டின் இலையுதிர்காலத்துக்குப் பிரித்தானியாவில் தமது இறுதிச் சுற்றுப்பயணத்தையும் அறிவித்தார். அலுமாரியில் தொடங்கிய பயணத்துக்கு 45 ஆண்டுகள்.

சுயாதீனம் என்றால் எவரையும் சாராமல் தனித்து நிற்பது என்றே நாம் நினைத்துக்கொள்கிறோம். கொலின்ஸின் வாழ்க்கை அப்படிக் கூறவில்லை. குளிப்பதற்கும் உடுப்பதற்கும் சுரம் மீட்டுவதற்கும் இன்னொருவர் கையை நாடவேண்டியிருந்த காலத்திலும், என்ன பாடுவது என்பதை அவரே தீர்மானித்தார்; அந்தப் பாடல் அவருடையதாகவே இருந்தது. அந்த நான்கு சொற்களில் ஒன்று மனைவியின் பெயராக இருந்ததைத் தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை.